அரசாணிக்காய்க் காபி: அல்வா பதத்துக்கு ஒரு படி முன்னால்

ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அரசாணி (மஞ்சள் பூசணி, பரங்கி) விதை நூற்றிருபது, நூற்று நாற்பது நாளில் முற்றின காயைக் கொடுத்துவிடும். கணக்குப் போட்டால் ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும் வருகிறது. வானம் மூடிக்கொண்டு, மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டிய கூதிர் நாட்களும் அவைதான். உழவர் சந்தையில் கீற்றுக் கீற்றாக அறுத்து வைத்திருப்பார்கள். பொரியலுக்கு வாங்கும்போது அரைக் கிலோ சேர்த்து வாங்கினால் எட்டு டம்ளர் காபிக்கு ஆகும்.

காயைக் காபியில் போடுவதா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் பூசணியை மசித்துப் பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு சேர்த்துச் சுடும் ‘பை’ என்ற பலகாரம் உண்டு. அந்த வாசனையைக் காபியில் ஏற்றி ஸ்டார்பக்ஸ் 2003-ல் ஒரு பானத்தைக் கொண்டுவந்தது. பேரில்தான் பூசணி, 2015 வரை அதில் மசாலா வாசனை மட்டுமே இருந்தது, அதன் பிறகுதான் நிஜமான பூசணிக் கூழைச் சேர்த்தார்கள். நமக்கோ அரசாணிக்காய் அல்வாவும் பாயசமும் புதிதல்ல. காபித்தூளே போடாத சுக்குக் காபியைக் காபி என்று குடிக்கிறவர்கள் இதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

அரசாணிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வேகவைத்து மசித்து நேராகப் பாலில் கலந்தால் காபி நீர்த்துப்போகும், பச்சை வாடை மேலே நிற்கும், டம்ளரின் அடியில் நார் தங்கும். அந்தத் தண்ணீரைப் பாதியாவது அடுப்பில் போக்கி, நாட்டுச் சர்க்கரையோடு சுருட்டி, விழுதாக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வேலை சரியாக நடந்துவிட்டால் மற்றது வழக்கமான பில்டர் காபிதான்.

காய் பார்த்து வாங்குவது

பொரியலுக்கு ஆகும் பச்சைத் தோல் பிஞ்சு இதற்கு உதவாது. தோல் பளபளப்பு மங்கி, சாம்பல் பூத்ததுபோல் இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் இறங்கக் கூடாது. காம்பு காய்ந்து தக்கை மாதிரி ஆகியிருக்க வேண்டும். கீற்றாக வாங்கினால் இன்னும் சுலபம், உள்ளே பார்த்தே வாங்கலாம். அடர்ந்த காவி நிறச் சதை நல்லது. வெளிறிய மஞ்சளாகவும் நடுவில் ஈரம் கசிந்து நூல் நூலாகவும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

தோட்டத்துக் காய் முழுசாகக் கிடைத்தால் அறுத்த அன்றே வெட்ட வேண்டாம். அட்டாலியிலோ (பரணிலோ) காற்றோட்டமான மூலையிலோ இரண்டு வாரம் கிடக்கட்டும். காயில் உள்ள மாவுச்சத்து அதற்குள் கொஞ்சம் சர்க்கரையாக மாறும். நாக்கில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

விழுதுக்கு வேண்டியவை

தோலோடு அரைக் கிலோ அரசாணிக்காய். நாட்டுச் சர்க்கரை 100 கிராம். நெய் ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். உப்பு இரண்டு சிட்டிகை. மசாலாத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி.

மசாலாவுக்குப் பட்டை 4 கிராம், சுக்கு 3 கிராம், கிராம்பு நான்கு, ஏலக்காய் நான்கின் விதை. இவற்றை வெறும் சட்டியில் கை பொறுக்கும் சூட்டுக்குப் புரட்டி, ஆறவிட்டு, சின்ன ஜாரில் அரைத்துச் சலிக்கவும். ஜாதிக்காயைக் கால் தேக்கரண்டி அளவுக்குத் துருவிக் கலக்கவும். இது இரண்டு தடவைக்கு வரும். சுக்கை அம்மியிலோ இடிகல்லிலோ நசுக்கிப் போடாவிட்டால் மிக்சி கத்திதான் மழுங்கும். ஆனைமலை, பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக ஜாதிக்காய் விளைகிறது. அந்தப் பக்கம் போனால் முழுக்காயாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பொடியாக விற்பதில் வாசனை பாதிதான். ஜாதிக்காய் விஷயத்தில் கை தாராளம் கூடாது. கூடினால் கசக்கும், கிராம் கணக்கில் வயிற்றுக்குள் போனால் குமட்டலும் தலைச்சுற்றலும் வரும்.

சலிக்கச் சொல்வதற்குக் காரணம் பட்டை. பட்டைத்தூள் சூடான ஈரத்தில் ஊறினால் கொழகொழப்பாகும். கொரகொரப்பாக அரைத்து அப்படியே காபியில் தூவுகிறவர்களுக்குக் கடைசி வாயில் சளி மாதிரி ஒன்று வருவது அதனால்தான். நைசாகச் சலித்து நெய்யில் புரட்டி விழுதுக்குள் அடக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சர்க்கரைக்கு வருவோம். சித்தோடு, கவுந்தப்பாடிச் சந்தைகளைச் சுற்றி இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். வெளுத்த மஞ்சளாக மினுக்குகிற நாட்டுச் சர்க்கரை பெரும்பாலும் ரசாயனம் போட்டு வெளுக்கப்பட்டது. மங்கலான பழுப்பு நிறத்தில், விரலில் தேய்த்தால் லேசாக ஒட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தால் புளிப்போ துவர்ப்போ இருக்கக் கூடாது. புளிப்பு இருந்தால் பால் திரியும், அதைக் கீழே பார்ப்போம். அஸ்காவிலும், அதாவது வெள்ளைச் சர்க்கரையிலும் செய்யலாம், பால் திரியாது. ஆனால் அந்த ஆழமான மணம் வராது, வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

விழுது கிளறுவது

காயைத் தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டி விதையையும் நாரையும் வழித்து எடுங்கள். விதையைத் தனியே வைக்கவும். துண்டுகளை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்க வேண்டும். கத்தி தடையில்லாமல் இறங்கும்வரை, இருபது நிமிஷம் போல. தண்ணீரில் போட்டு வேகவைத்தால் ஏற்கெனவே போக்க வேண்டிய தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும், அடுப்பு முன்னால் கூடுதலாக அரைமணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். குக்கர்தான் வசதி என்றால் உள்ளே தட்டின் மேல் வைத்து, காயில் தண்ணீர் படாமல் இரண்டு விசில்.

வெந்ததும் கரண்டியால் சதையை வழித்தால் தோல் தனியே வந்துவிடும். சதையைத் துளைத்தட்டில் அரைமணி நேரம் வையுங்கள். அடியில் இறங்கும் நீரை ரசத்தில் ஊற்றிக்கொள்ளலாம். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் மிக்சியில் நைசாக அரைத்து, காய் நாருள்ளதாக இருந்தால் மாவுச் சல்லடையில் ஒரு முறை தேய்த்து இறக்கவும். ஏறக்குறைய 350 முதல் 380 கிராம் கூழ் இருக்கும்.

அடி கனமான வடச்சட்டியில் கூழை மட்டும் போட்டு, மிதமான தீயில் கிளறத் தொடங்குங்கள். முதல் பத்து நிமிஷம் ‘பொளக் பொளக்’ என்று கொதித்துத் தெறிக்கும். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், வெந்நீர் மாதிரி வழிந்துவிடாது. நீளக் காம்புக் கரண்டியும் சட்டியைப் பாதி மூடிய தட்டும் அவசியம். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தெறிப்பது அடங்கும். கரண்டியால் சட்டியின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அடி தெரிந்து, மூன்று நான்கு நொடி அப்படியே நின்றால் போதும். தராசு இருந்தால் இன்னும் நிச்சயம்: கூழ் முதலில் இருந்த எடையில் பாதியாகியிருக்கும். மொத்தம் இருபது, இருபத்தைந்து நிமிஷம். தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் அடி கருகும். கருகின வாடை காபிக் கசப்போடு சேர்ந்துகொண்டால் எதைப் போட்டாலும் மாறாது.

இப்போது கூழை ஓரமாக ஒதுக்கி, நடுவில் நெய்யை விட்டு, அதில் மசாலாத்தூளைப் போட்டு அரை நிமிஷம் புரட்டவும். வாசனை எழும்பியதும் கூழோடு சேர்த்துவிடுங்கள், தாமதித்தால் பட்டை கசந்துவிடும். உப்பும் நாட்டுச் சர்க்கரையும் அடுத்து. சர்க்கரை விழுந்ததும் கெட்டியாக இருந்த கூழ் திரும்பவும் இளகி ஓடும். தப்பு நடந்துவிட்டதாக நினைத்து மாவு எதையும் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், சர்க்கரை கரைவதால்தான் அப்படி. இன்னும் எட்டு முதல் பத்து நிமிஷம் கிளறினால் நிறம் கருஞ்சிவப்பாகி, பளபளப்பு வந்து, கரண்டியோடு திரண்டு வரும். மண், தூசி உள்ள சர்க்கரையாக இருந்தால் மூன்று மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். கிளறும் நேரம் ஐந்து நிமிஷம் கூடும்.

அல்வா கிளறிப் பழகிய கைக்கு இங்கேதான் கவனம் வேண்டும். அல்வா என்றால் நெய் பிரிந்து சட்டி ஓரத்தில் கசியும்வரை விடமாட்டோம். இதற்கு நெய் பிரியக் கூடாது. பிரிந்த நெய் காபியின் மேல் வட்டம் வட்டமாக மிதக்கும், நுரையையும் அமுக்கிவிடும். ஓரத்தில் நெய்ப் பளபளப்பு தெரியத் தொடங்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். கையில் 250, 260 கிராம் விழுது இருக்கும். ஒரு டம்ளருக்கு 30 கிராம், அதாவது தலைதட்டிய இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அந்த முப்பது கிராமில் சர்க்கரை மட்டும் பன்னிரண்டு கிராம் போல வரும்; சர்க்கரை நோய்க்காரர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

டிகாக்‌ஷன்

வழக்கமாகக் குடிக்கிற காபியைவிட ஒரு படி கெட்டியாக வேண்டும். அரசாணியும் சர்க்கரையும் காபியின் மணத்தை அமுக்கும். இரண்டு டம்ளருக்குக் காபித்தூள் 25 கிராம், குவித்த மூன்று மேசைக்கரண்டி. கொதித்து இறக்கிய தண்ணீர் 150 மில்லி. தூள் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அது போக 100 மில்லி இறங்கும்.

நல்ல வறுவலாக, சிக்கரி இருபது முதல் முப்பது சதம் கலந்த தூள் இதற்குப் பொருந்துகிறது. சிக்கரியின் லேசான கருகல் இனிப்பு நாட்டுச் சர்க்கரையோடு ஒத்துப்போகும். ஏற்காட்டு அராபிகாவை இளவறுவலாக, சிக்கரி இல்லாமல் வாங்கி வைத்திருந்தால் அதைத் தனியாகவே குடித்துத் தீருங்கள். அதன் நயமான புளிப்பு இந்த விழுதுக்குள் காணாமல் போய்விடும், சில சமயம் பாலையும் திரிக்கும்.

தூளை பில்டரில் போட்டுக் குடைக்காம்பால் லேசாக அழுத்தினால் போதும். இறுக்கினால் சொட்டாது, விட்டால் தண்ணீர் ஓடிவிடும். முதலில் இரண்டு கரண்டி வெந்நீரைச் சுற்றி ஊற்றி அரை நிமிஷம் ஊறவிட்டு, பிறகு மீதியை ஊற்றவும். இருபது முதல் முப்பது நிமிஷம். சொட்டுவது நின்றுபோனால் மேல் பாத்திரத்தை ஒருமுறை தூக்கி வையுங்கள், உள்ளே அடைபட்ட ஆவி போய் மறுபடி இறங்கும். ஆறிய டிகாக்‌ஷனை அடுப்பில் நேராக வைக்காமல் வெந்நீர்ப் போசிக்குள் கிண்ணத்தோடு வைத்துச் சூடாக்குங்கள்.

பால் திரியாமல் கலப்பது

பெரும்பாலும் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான். நாட்டுச் சர்க்கரையில் கொஞ்சம் அமிலம் இருக்கும், காபியிலும் இருக்கும். இரண்டும் கொதிக்கிற பாலில் ஒன்றாகச் சேர்ந்தால் பாலின் புரதம் திரண்டுவிடும். பால் காலையில் கறந்ததாக, வெளியே வைத்திருந்ததாக இருந்தால் இன்னும் சீக்கிரம். சுக்குக்குப் பதிலாகப் பச்சை இஞ்சியைத் தட்டிப் போடுகிறவர்கள் மூன்றாவதாக ஒரு வம்பை இழுக்கிறார்கள். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் ஒரு நொதி இருக்கிறது. இதற்குச் சுக்குதான்.

அதனால் வரிசை முக்கியம். இரண்டு டம்ளருக்கு விழுது 60 கிராமை ஒரு போசியில் எடுத்து, சூடான டிகாக்‌ஷன் 100 மில்லியை முதலில் விட்டுச் சின்ன மத்தாலோ கரண்டியாலோ கட்டியில்லாமல் கரைக்கவும். பால் 220 மில்லியைத் தனியே பொங்கவிட்டு இறக்கி, இரண்டு நிமிஷம் விடுங்கள். கொதிப்பு அடங்கியதும் இரண்டு பாத்திரத்தில் உயரத் தூக்கி ஐந்தாறு தடவை ஆற்றினால் நுரை கட்டும். விழுது சேர்ந்த பிறகு ஆற்றினால் நெய் நுரையை நிற்கவிடாது, ஆகவே நுரையைப் பாலிலேயே எழுப்பிவிட வேண்டும். பிறகு பாலை டிகாக்‌ஷனில் ஊற்றவும். டம்ளர் டபராவில் ஒரே ஒரு தடவை ஆற்றி, மேலே ஜாதிக்காயை ஒரு தேய்ப்பு. கலந்த காபியைத் திரும்ப அடுப்பில் ஏற்றவே கூடாது. சூடு போதவில்லை என்று நினைத்தால் டம்ளரை வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றுங்கள்.

புதுச் சர்க்கரையில் செய்த விழுதானால் முதலில் ஒரு பரீட்சை: அரைத் தேக்கரண்டி விழுதைக் கால் டம்ளர் சூடான பாலில் கரைத்து இரண்டு நிமிஷம் பாருங்கள். துகள் துகளாகத் தெரிந்தால் ஒன்றை விரலில் எடுத்துத் தேயுங்கள். மசிந்து காணாமல் போனால் அது அரசாணி நார், பயமில்லை. அடுத்த தடவை நன்றாகச் சலியுங்கள். ரப்பர் மாதிரி உருண்டு நின்றால் பால் திரிந்திருக்கிறது. அப்போது மொத்த விழுதையும் லேசாகச் சூடாக்கி, ஆப்பச் சோடா இரண்டு கடுகளவு சேர்த்துக் கிளறிவிட்டு மறுபடி பரீட்சித்துப் பாருங்கள். கூடினால் சோப்பு வாடை அடிக்கும்.

இனிப்பு போதாது என்று தோன்றினால் நாட்டுச் சர்க்கரையை டிகாக்‌ஷனில் கரைத்துக்கொள்ளுங்கள். விழுதைக் கூட்டினால் கூழ்தான் கிடைக்கும். காபி மட்டாகத் தெரிந்தால் பாலைக் குறையுங்கள். எருமைப்பால் கொழுப்பு நிறைந்தது, அதில் செய்யும்போது விழுதில் நெய்யைப் பாதியாக்கிவிடலாம்.

தேங்காய்ப்பாலில்

சந்தகையும் (இடியாப்பம்) தேங்காய்ப்பாலும் பிடித்தவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அரை மூடித் தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி விட்டு அரைத்துப் பிழிந்த முதல் பால் ஒரு டம்ளருக்கு. விழுதில் நெய்யே வேண்டாம், மசாலாவை வெறும் கூழிலேயே சேர்த்துக் கிளறுங்கள். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் வேறு, நீர் வேறாகப் பிரியும். ஓரத்தில் சின்னக் குமிழி வரும்போதே இறக்கி டிகாக்‌ஷனில் கலக்கவும். நுரை வராது. ஏலக்காயைக் கொஞ்சம் கூட்டி, கிராம்பைக் குறைத்தால் நன்றாக இருக்கும்.

குளிரக் குடிக்க விரும்பினாலும் நெய்யில்லாத விழுதுதான். குளிர்ந்ததும் நெய் உறைந்து மணல் மாதிரி நாக்கில் படும். ஐப்பசியில் யார் அதைக் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

விதையும் மீதியும்

எடுத்து வைத்த விதையை நார் போகக் கழுவி, துணியில் துடைத்து ஒருநாள் காயவிடுங்கள். வடச்சட்டியில் சிறுதீயில் பத்து நிமிஷம் வறுத்தால் வெடித்து உப்பும். தோலை உரித்து, பருப்பை ஒரு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரையோடு கொரகொரப்பாக இடித்து வைத்துக்கொண்டால், நுரையின் மேல் ஒரு சிட்டிகை தூவக் கடைகளில் வாங்கும் எதுவும் தேவைப்படாது. மழைநாளில் வெயில் இல்லாவிட்டால் அடுப்பு மேடையின் சூட்டிலேயே காயும்.

விழுதில் சர்க்கரை இருக்கிறதே என்று ஊறுகாய் மாதிரி வெளியே வைத்துவிடாதீர்கள். இந்த அளவுச் சர்க்கரை கெடாமல் காக்கப் போதாது. நன்றாக ஆறிய பிறகு ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் ஒரு வாரம். குமிழி கட்டினாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். அதிக நாள் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஒரு குழிக்கு 15 கிராமாக நிரப்பி உறையவைத்தால், டம்ளருக்கு இரண்டு கட்டி என்று இரண்டு மாதம்வரை எடுத்துப் போடலாம். கட்டியை நேராகச் சூடான டிகாக்‌ஷனில் போட்டால் டிகாக்‌ஷன் ஆறிப்போகும். காலையில் எடுத்து வெளியே வைத்து இளகவிட்ட பிறகு கரைக்கவும்.

விழுதை வழித்தெடுத்த வடச்சட்டியை உடனே கழுவப் போடாதீர்கள். அடியிலும் ஓரத்திலும் ஒட்டியிருப்பதில் ஒரு டம்ளர் பாலை ஊற்றிச் சிறுதீயில் சுரண்டிக் கிளறினால் எல்லாம் கரைந்து வந்துவிடும். அதை வடிகட்டி, காபி குடிக்காத பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.